போதகர் கண்ட பாம்புகள்

“இப்படி நடந்துக்கிட்டே இருந்தா தரை தேஞ்சிடும். உட்காருங்க!” என்றாள் மனைவி க்ரீட்யே.

“எப்படிடி உட்காருவேன்? போதகர் வர்ற நேரம்!” யோரிஸ் மறுபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே அலைந்தான்.

யோரிஸ் டெல்ஃப்ட் நகரத்துத் தேவாலயத்தில் மணியடிப்பவன். ஓய்ந்த நேரத்தில் கடுகளவு கண்ணாடியைத் தேய்த்து, பித்தளைத் தகட்டில் பதித்து, அதன் வழியாகக் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல், “ஒரு சொட்டுக்குள்ள ஆயிரம் பிராணி நீந்துது” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பைத்தியத்தின் கையில் மணிக்கயிற்றைக் கொடுக்கலாமா என்று சபையில் பேச்சு எழுந்தது. போதகர் வோஸ் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். பிராணி இல்லையென்றால் வேலை போகும். வேலையோடு வந்த இந்த வீடும் போகும்.

க்ரீட்யே தன் கவலையைத் துடைப்பத்தில் காட்டினாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். தெருவில் நாய் சற்று அசந்து நின்றால் அதையும் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அங்கே திரியும் வெள்ளை நாய்களில் பாதி, பிறவியில் கறுப்பு.

போதகர் வந்தார். பெரிய உடம்பு, சின்னப் பொறுமை. வந்ததும் மேசையைத்தான் பார்த்தார். வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீன், பக்கத்தில் வினிகர் ஜாடி.

“முதல்ல உன் பிசாசு வேலையக் காட்டுப்பா. அப்புறம் சாப்பாடு.”

யோரிஸ் தகட்டை நீட்டினான். அதன் பின்னால், ஊசிமுனையில் ஒட்டிய, ஒரு சொட்டு அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய்.

“வெளிச்சத்தப் பாத்துப் பிடிங்கய்யா. கண்ணுல ஒட்டினாப்ல.”

“ஒண்ணையும் காணோமே.”

யோரிஸ் பதறிக் கிட்டே வந்தான். “அந்த ஊசியக் கொஞ்சம் திருகுங்கய்யா!”

போதகர் திருகினார்.

“கர்த்தரே! பாம்பு! பாம்பு பாம்பா நெளியுது!”

“பாம்பா?” யோரிஸ் பிடுங்கிப் பார்த்தான். “நேத்து உருண்டை உருண்டையால்ல இருந்துச்சு? ராத்திரியில வளந்துட்டுது போல!”

“வளரட்டும். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நானே சொல்றேன். யோரிஸ் பைத்தியமில்ல, கால்வாய்த் தண்ணிதான் அசிங்கம்னு. உன் வேலைய எவனும் தொட முடியாது.”

அன்றைக்கு முதல்முறையாக யோரிஸ் உட்கார்ந்தான்.

போதகரும் உட்கார்ந்து, மீன்மேல் வினிகரைத் தாராளமாக ஊற்றினார். வாலைப் பிடித்துத் தூக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முழுசாக உள்ளே இறக்கினார்.

“நல்லவேளை, நான் அந்தத் தண்ணியத் தொடுறதே இல்ல. சுத்தமான சாப்பாட்டுல இந்தச் சனியனெல்லாம் அண்டுமா?” இரண்டாவது மீனுக்கும் ஊற்றினார். கடைசியில் தட்டில் தேங்கிய வினிகரையும் தூக்கிக் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

க்ரீட்யேயின் முகம் சுருங்கியது.

“கால்வாய்த் தண்ணியா? அந்த நாத்தத்தக் காலையிலயே கொட்டிட்டேனே! நீங்க வர்ற வீட்டுல அழுக்க வெச்சிருப்பேனாய்யா? குழாயக்கூட நல்லா அலசித்தான் வெச்சேன்” என்றவள், பெருமையோடு மேசையைக் காட்டினாள். “அந்த வினிகர்லதான்.”