பாஸ்வேர்டு தவறு

"எவனோ என் பேர்ல உள்ளே பூந்துட்டான்மா! இல்லேன்னா அஞ்சு தடவை அடிச்சும் பாஸ்வேர்டு தப்புன்னு வருமா?"

லிஃப்ட் மெக்கானிக் கத்திய கத்தலில், மறுமுனையில் இருந்த கஸ்டமர் கேர் பெண் காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திக்கொண்டாள். இன்டர்நெட் கம்பெனி வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தபோது கூடவே கொடுத்த மெயில் அது. கம்ப்யூட்டரில் ஒழுங்காக வருகிறது. போனில் மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

இத்தனை நாளும் அவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்ட் பழுது என்று வரும் பட்டியலை மனைவிதான் காலையில் கம்ப்யூட்டரில் பார்த்து, துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்புவாள். திங்கட்கிழமை சூப்பர்வைசர் தலையில் குண்டைப் போட்டார்.

"இனிமே பட்டியல் மணிக்கு மணி மாறும். போன்லயே மெயில் பாக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா உங்க ஏரியாவை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

இன்று வெள்ளிக்கிழமை.

"சார், செட்டிங்ஸ்ல இன்கமிங் சர்வர்னு ஒரு கட்டம் இருக்கும், பாருங்க."

"காதுல வச்சிருக்கற போனைக் கண்ணால எப்படிம்மா பாக்கறது?"

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்."

தேடிப் பிடித்து அழுத்தினார். இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டால் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும், பிறகு பதினேழு நிமிடம் பாட்டு. பன்னிரண்டாவது மாடியில் பாதி வழியில் நின்ற லிஃப்ட்டின் மேல் ஏறிப் பதறாமல் வேலை பார்க்கிறவர், உள்ளங்கை அகலப் போனிடம் தோற்று வேர்த்து வழிந்தார்.

"விடுங்களேன்" என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "மணிக்கொரு தடவை நானே பாத்துப் போன் பண்ணிச் சொல்றேன்."

"ஏரியா போனப்புறம் எதைச் சொல்லுவே? நீ குடுத்த பாஸ்வேர்டு சரிதானே?"

"சரின்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? காலையிலேருந்து நான் இங்க முட்டிக்கிட்டுச் சாகறேன், நீ நினைக்கிறியா?"

நல்லவேளையாக அதே பெண் மறுபடி கிடைத்தாள். "பழசை விட்டுடுங்க சார். உங்க நம்பருக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்க. புது பாஸ்வேர்டு போட்டுத் தர்றேன்" என்றாள். மனைவியின் கையில் இருந்த சட்டை மடிபடாமல் அப்படியே நின்றது.

இரண்டே நிமிடம். போன் டிங் டிங் என்று அடித்து மெயில்களைக் கொட்டியது. லிஃப்ட் பட்டியல்களுக்கு நடுவே ஒரு பெயரைப் பார்த்ததும் போனைக் கண்ணருகே கொண்டு போனார். அண்ணன்!

அண்ணன் தம்பி பேசி ஆறு வருடம். அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாமென்று அண்ணன் சொல்லச் சொல்ல, இவர் கையெழுத்துப் போட்டார். அப்பா ஆபரேஷன் தியேட்டரிலிருந்து உயிரோடு வரவில்லை. "உன் கையெழுத்துதான்டா அவரைக் கொன்னுடுச்சு" என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போன அண்ணன், அதன்பின் திரும்பியே பார்க்கவில்லை.

தன் கணக்கிலிருந்து அண்ணனுக்குப் போயிருந்த மெயில்களைத் திறந்தார். 'அண்ணா, அன்னிக்கு எனக்கு வேற வழி தெரியலை. நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்னு நினைக்காத நாளில்லை.' கீழே இவருடைய பெயர். இப்படி நாற்பத்தோரு கடிதங்கள்.

"யாரைக் கேட்டு எழுதினே?" வீடு அதிர்ந்தது. "என் பேரைப் போட்டு, என் மானத்தை..."

"யாரையும் கேக்கலை" என்றாள் அவள். குரல் மட்டும்தான் தணிந்திருந்தது. "நீங்க தூக்கத்துல பொலம்பறதைத்தான் எழுதினேன். தப்பான பாஸ்வேர்டையும் நான்தான் குடுத்தேன். திட்டறதுக்கு முன்னாடி உங்கண்ணன் போட்ட பதிலையும் படிச்சிடுங்க."

படித்தார். 'தம்பி, நான் சொன்ன சொல்லும் தப்புத்தான். அன்னிக்கு நீ கையெழுத்துப் போடலைன்னா நான் போட்டிருப்பேன். முட்டி வலி தேவலையா? வெந்நீர் ஒத்தடம் குடு. குளிர்ந்த தரையில வெறுங்காலோட நிக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.'

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய மனிதர். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினாலே அதிசயம். அந்த முரட்டு அண்ணனுக்குள்ளா இத்தனை கனிவு? எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மங்கியது கண்ணாடி இல்லை.

கடைசிக் கடிதத்தின் அடியில் இருந்த நம்பரை அழுத்தினார். நாலைந்து முறை மணி அடித்தது.

"யாரு?"

"அண்ணா... நான்தான்."

எதிர்முனையில் டிவி சத்தம் சட்டென்று நின்றது. பிறகு, உடைந்த குரலில், "சொல்லுடா."

"உங்க கடுதாசியெல்லாம் இப்பத்தாண்ணா படிச்சேன். நான் எழுதினதா வந்தது எதையும் நான் எழுதலை. எல்லாம் இவ வேலை. ஆனா அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லைண்ணா. உங்களை மாதிரி மனசு விட்டு எழுத எனக்கு வராது. மன்னிச்சிடுங்க."

"கடுதாசியா? நான் எங்கடா எழுதினேன்?" என்றார் அண்ணன். "இரு இரு, உங்க அண்ணி எதுக்கு இப்ப ஓடி வந்து போனைப் பிடுங்கறா?"