நஞ்சம்மாவின் கன்னடம்

லிபியா சொன்னது ரெண்டே வரி.

"வாசல்ல யாராவது வண்டிய ஸ்டாண்டு போட்டா எனக்குக் கை நடுங்குது. அவர்தான் வந்துட்டார்னு தோணுது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஞ்சம்மா தலையாட்டிவிட்டு, மனநலக் கவுன்சிலர் அம்மாவைப் பார்த்துக் கன்னடத்தில் ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையை ஓங்கிக் காட்டிக்கொண்டு, அப்படி ஒரு பேச்சு. கவுன்சிலர் அம்மா தண்ணீர் பாட்டிலை நஞ்சம்மா பக்கம் நகர்த்தி வைத்தார்.

லிபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி வாங்கினவள் நான், தண்ணீர் இவளுக்கா?

"இவ்ளோ நேரம் என்னக்கா சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன் கண்ணு. கன்னடத்துல கொஞ்சம் நீளமா வரும்."

அடேயப்பா! அவ்வளவு நீளமா கன்னடம்?

ஆனால் வேறு வழியில்லை. மணப்பாறையிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள் லிபியா. புருஷன் ஸ்டீவிடம் வாங்கிய அடி போதுமென்று, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, லைன் வீடு ஒன்றில் தனியாகக் குடியேறினாள். அடி நின்றது. நடுக்கம்தான் நிற்கவில்லை. கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்குகிற கை அது. "இன்னொரு பீஸ் கீழ விழுந்தா லைன்ல நிக்க வேணாம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த வேலையும் போனால் மறுபடி ஸ்டீவ் வீட்டு வாசல்தான்.

ஓசூரிலேயே ஒரு கவுன்சிலரைத் தேடிப் பார்த்தாள். ஒருத்தர், "ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்மா" என்றார். இன்னொருத்தர் நல்லவர்தான். ஆனால் அவர் கிளினிக்குக்குக் கீழேயே ஸ்டீவின் சித்தப்பா ராயப்பன் மருந்துக்கடை வைத்திருந்தார்! கடைசியில் கர்நாடக பார்டர் தாண்டி, அத்திப்பள்ளியில் கிடைத்தவர்தான் இந்த அம்மா. தார்வாட் பக்கம். பொறுமையான மனுஷி. தமிழ் மட்டும் ஒரு சொல் தெரியாது.

"நான் கூட வர்றேன் கண்ணு. நீ சொல்லு, நான் கன்னடத்துல சொல்றேன்" என்று முன்னால் வந்தவள் பக்கத்து வீட்டு நஞ்சம்மா.

இவளுக்கு என்ன தெரியும் அந்த வலி? இவள் புருஷன் மேஸ்திரி சென்னகிருஷ்ணன் செத்து மூன்று வருஷமாகியும், தெருவே அவரைத் 'தங்கமான மனுஷன்' என்கிறது. "ஒரு நாள்கூட என் மேல கை நீட்டினதில்ல, மகராசன்" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் போட்டோவுக்குப் பூப் போடுகிறவள். தெருக்குழாயில் நின்றால் வாய் ஓயாதவள். நம்ம கதைக்குக் கண், காது, மூக்கு வைத்து, அங்கேயும் அளந்து இங்கேயும் அளந்தால் என்ன ஆவது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் லிபியா வெடுக்கென்று சொன்னாள்.

"நானே கன்னடம் கத்துக்கலாம்னு இருக்கேங்க்கா. கம்பெனியில எங்க லைன்ல வேலை பார்க்கற ஜெயமணி சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்கா."

நஞ்சம்மாவின் முகம் செத்துப்போனது.

"எதுக்குக் கண்ணு? நான் வரலன்னா சொன்னேன்?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கிறாளே! லிபியா முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஜெயமணியின் காதில் இயர்போனைச் செருகினாள். ஜெயமணி தளி பக்கத்துக்காரி. கன்னடம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

"என் மானத்தை எப்படி வாங்கியிருக்கான்னு கேட்டுச் சொல்லுடி."

சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்த ஜெயமணி, கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ சொன்னத அப்படியே சொல்லிட்டாங்க லிபியா. ஒரு வார்த்தை கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

"அப்புறம் அவ்ளோ நேரம் என்ன பேச்சு?"

"'இவளுக்குச் சொல்ற வழி எனக்கும் ஆகுமாம்மா'ன்னு கேக்கறாங்க. 'கல்யாணமான நாள்லேருந்து அடிதான். அவர் செத்தும் விடல. தெருவுல அவர் ஓட்டின மாதிரி எக்ஸெல் வண்டி சத்தம் கேட்டா இன்னும் அடுப்படி மூலையில போய் உக்காந்துக்கறேன். போட்டோவுக்குப் பூப் போடறப்பகூட அந்தக் கண்ணைப் பார்க்க மாட்டேன்'ங்கறாங்க."

லிபியா ஜெயமணி பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒண்ணு சொல்றாங்கடி." ஜெயமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'பெத்த பிள்ளைங்ககிட்டகூட இதைச் சொன்னதில்ல. இந்தப் பொண்ணுக்குக் கன்னடம் தெரியாது. அந்தத் தைரியத்துலதான் பேசறேன்'னு."

பாவி, இவளையா சந்தேகப்பட்டேன்! லிபியா போனைப் பிடுங்கி ரெக்கார்டிங்கை அங்கேயே அழித்தாள்.

"இதை யார்கிட்டயும் மூச்சு விடாதடி."

"சத்தியமா விட மாட்டேன்" என்றாள் ஜெயமணி.

சனிக்கிழமை வந்தது. அத்திப்பள்ளி பஸ்ஸில் ஜன்னலோரம் நஞ்சம்மா. விரலை நெறித்துக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி கேட்டாள்.

"கன்னடம் கத்துக்கறேன்னியே கண்ணு... எந்த மட்டுக்கு வந்திருக்குது?"

லிபியா அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ரெண்டு கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

"என் மண்டையில ஒரு எழுத்துகூட ஏறலக்கா. விட்டுட்டேன். நீங்கதான் எப்பவும் கூட வரணும்."