காக்கா சாட்சி

"இந்தப் பையன் நம்ம பொண்ணுக்கு வேண்டாம்" என்றார் அப்பா, ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபடி.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன், மகளே தேடிக்கொண்டவன். இன்று சம்மதம் கேட்டு வருகிறான். வாசல் வரை வந்த பிறகு இது என்ன பேச்சு?

"அப்படி என்னங்க பண்ணிட்டான்?"

"இங்க வந்து பாரு."

வாசல் மரத்தடியில் பையன் கைப்பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு குனிந்து ஓடிவந்தான். இரண்டு காக்கைகள் மாறி மாறி அவன் மண்டையைக் குறிவைத்தன. அதே மரத்தடியில் கூரியர்காரர் நிதானமாக விலாசம் தேடிக்கொண்டிருந்தார். காக்கைகள் அவரைச் சட்டையே செய்யவில்லை.

"மூணாவது தடவை பாக்கறேன். அவனை மட்டும்தான் கொத்துது."

"காக்காவுக்கு என்னங்க தெரியும்?"

"முப்பது வருஷம் உயிரியல் பாடம் எடுத்தவன் சொல்றேன். காக்கா ஆளோட முகத்தை ஞாபகம் வெச்சுக்கும், வருஷக்கணக்கா மறக்காது. இவன் கூட்டுல கை வெச்சிருக்கான். வாயில்லா ஜீவன்கிட்டயே இப்படின்னா, நாளைக்கு நம்ம பொண்ணுகிட்ட?"

அம்மா போய்க் கதவைத் திறந்தாள். அமுக்கமாக இருப்பவர்களை நம்பவே கூடாதோ? உள்ளே வந்து அவன் சிரித்த சிரிப்புகூட இப்போது ஒரு மாதிரியாகத்தான் பட்டது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"தம்பி, அந்தக் காக்காக் கூட்டுல கை வெச்சீங்களா?"

"வெச்சேம்மா."

அப்பா, 'பார்த்தியா?' என்று கண்ணாலேயே கேட்டார். அறை வாசலில் நின்ற மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு மாசம் முன்னாடி இந்தப் பக்கமா வந்தப்ப, யாரோ வெட்டின கிளையோட கூடும் கீழ விழுந்துச்சு. உள்ள ரெண்டு குஞ்சு. பூனை வேற சுத்திக்கிட்டு இருந்துச்சு. மரத்துல ஏறி, கூட்டை வேற கிளையில வெச்சுக் கட்டிட்டு வந்தேன். அன்னையிலேருந்து அதுங்க கண்ணுக்கு நான் குஞ்சு திருடன்."

"மனுஷக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காதுன்னு சொல்லுவாங்களே?"

"அது சும்மா கதைம்மா. சேர்த்துக்கிச்சு. ரெண்டும் பறந்து போயாச்சு."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கிளையை வெட்டினது எந்தப் புண்ணியவான்? அவனை விட்டுட்டு உங்களை ஏன் கொத்தணும்?"

பையன் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹெல்மெட் போட்டிருந்தாரும்மா. காக்காவுக்கு முகம் தெரியலை. எனக்கும் சரியாத் தெரியலை."

ஸ்கூட்டரெல்லாம் காக்கா எச்சம் என்று புலம்பி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அரிவாளோடு மரத்தடிக்குப் போனவர் யாரென்று அம்மாவுக்கு இப்போது நினைவு வந்தது. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அப்பா அதற்குள் எழுந்து நின்றிருந்தார்.

"அந்த நாற்காலி ஆடும். இப்படி சோபாவுல வந்து உட்காருங்க, மாப்பிள்ளை."