திட்டு வாங்கிய சவரக்கத்தி

பழைய சாமான் சந்தையில் ஒரு மடக்குச் சவரக்கத்தியும் சாவியில்லாத பூட்டும் சாக்கின் மேல் கிடந்தன. அன்றைக்கு விலைபோகாவிட்டால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

ஒருவர் வந்து, "அடடா, என்ன அழகு!" என்று கத்தியைத் தடவிப் பார்த்தார். வைத்துவிட்டுப் போயேவிட்டார்.

அடுத்து வந்த மீசைக்காரர் கத்தியை விரித்ததுமே எகிறினார். "இதெல்லாம் ஒரு கத்தியாய்யா? இதால மழிச்சா தாடி போகாது, மூக்குதான் போகும்!"

கத்தி விசும்பியது. "கேட்டீங்களாண்ணே, என்ன பேச்சு பேசுறாரு!"

"அழாதடா," என்றது பூட்டு. "அவர் கையைப் பாரு. திட்ட ஆரம்பிச்சதிலேர்ந்து உன்னைக் கீழேயே வைக்கல."

திட்டித் திட்டியே விலையைக் குறைத்தவர், கத்தியைப் பச்சைப்பிள்ளை மாதிரி கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பூட்டு பதறிப்போய்க் கூவியது: "ஐயா, ஐயா! என்னையும் ரெண்டு திட்டு திட்டிட்டுப் போங்களேன்!"