ருஷ்து வாத்தியாருக்கு விழுந்த ஒரு ஓட்டு

திரைக்குப் பின்னால் போனதும் துர்கான் முதலில் எடுத்தது போனைத்தான்.

நெவ்ஸாத்தின் பெயர் அச்சடித்த ஓட்டுச் சீட்டை உறைக்குள் பாதி செருகி, பெயர் தெரிகிற மாதிரி படம் பிடித்து, கட்சியின் வட்டச் செயலாளர் ஜெவ்தெத்துக்கு அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அந்தச் சீட்டை உருவிக் கையுறைக்குள் திணித்தாள். பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து உறைக்குள் போட்டு ஒட்டினாள். அதில் ருஷ்து வாத்தியாரின் பெயர் இருந்தது.

பெட்டியில் போட்டுவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் கட்சியின் வட்ட மாநாடு. தலைவர் பதவிக்கு மேலிடம் அங்காராவிலிருந்து நெவ்ஸாத்தின் பெயரை அனுப்பியிருந்தது. மேலிடம் பெயரை அனுப்பினால் கீழே இருக்கிறவர்கள் கை தட்டுவதுதான் வழக்கம். நாற்பது வருஷமாகக் கட்சியில் இருக்கிற வாத்தியாருக்கு இந்த முறை கை தட்ட மனசு வரவில்லை. பதினான்கு பேரிடம் கையெழுத்து வாங்கி எதிர்த்து நின்றுவிட்டார்.

மேடையில் இரண்டே நிமிஷம்தான் பேசினார். வேட்பாளர் யாரென்று உறுப்பினர்களைக் கேட்டு முடிவு செய்யலாமே என்றார். நாட்டுக்கெல்லாம் ஜனநாயகம் கேட்கிறோம், நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமே என்றார். துர்கான் அதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

ஜெவ்தெத் அவரை விலகச் சொல்லவில்லை. எல்லாரும் பார்க்கத் தோளில் கை போட்டான்.

"நில்லுங்க வாத்தியாரே, நல்லா நில்லுங்க. ரெண்டு பேர் நின்னாத்தான் பேப்பர்காரன் தேர்தல்னு எழுதுவான். ஆனா போட்டோ மட்டும் எல்லாரும் அனுப்பணும், நீங்களும்தான். பொண்ணோட மாற்றல் உத்தரவு இன்னும் வரலைல்ல?"

வாத்தியாரின் பெண் நர்ஸ். கிழக்கே எல்லையோரத்து ஊரில் கைக்குழந்தையோடு தனியாகக் கிடக்கிறாள். ஊருக்கே தெரிந்த விஷயம்.

துர்கானின் குடுமியும் அவன் கையில்தான். கட்சியின் கையில் இருக்கும் நகராட்சியின் இலவச உணவுக்கூடத்தில் சமையல் வேலை. வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். சுரங்கத்தில் முதுகொடிந்த புருஷன் ஆறு வருஷமாகப் படுக்கையில். அந்தச் சம்பளம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் நம்முடையது ஒன்று யார் கண்ணுக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் துணிந்தாள்.

பெட்டியைக் கவிழ்த்தார்கள்.

தேர்தலை நடத்த வந்த அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். நெவ்ஸாத். நெவ்ஸாத். நெவ்ஸாத்.

ஐம்பது தாண்டியது. நூறு தாண்டியது. துர்கானின் கையில் இருந்த தேநீர் ஆறிப்போயிற்று. பதினான்கு பேரும் எங்கே போனார்கள்?

இருநூற்றுப் பன்னிரண்டாவது சீட்டில் அதிகாரியின் குரல் ஒரு கணம் தடுக்கியது.

"ருஷ்து."

பிறகு கடைசிவரை நெவ்ஸாத்தான். மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று. அதில் வாத்தியாருக்கு ஒன்று.

கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரிகள் கிளம்பும்வரை ஜெவ்தெத் பொறுமையாக இருந்தான். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வரவேண்டிய படமெல்லாம் வந்திருந்தது.

"எவனோ என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கான். இல்ல, எவளோ. நகராட்சியில சம்பளம் வாங்குறவங்க எல்லாம் எழுந்திரிங்க பாப்போம், அங்கேருந்து ஆரம்பிக்கலாம்."

ஒன்பது பேர் எழுந்தார்கள். துர்கானும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைத்தாள்.

"அவங்களை உட்காரச் சொல்லுப்பா. அது என் ஓட்டு."

முன்வரிசையில் ருஷ்து வாத்தியார் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க போட்டோ எங்கிட்ட இருக்கே வாத்தியாரே!"

"எடுத்தேன், அனுப்பினேன், அப்புறம் மாத்திப் போட்டுட்டேன். எனக்கு நானே ஒரு ஓட்டுப் போட்டுக்கக் கூடாதா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ஜெவ்தெத் மட்டும் சிரிக்கவில்லை.

"பொண்ணை ஒரு நிமிஷம் நெனச்சிருக்கலாம்" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

துர்கான் உட்கார்ந்தாள். ஒன்றும் புரியவில்லை. பெட்டியில் விழுந்தது ஒரே ஓட்டு. அது அவள் போட்டது.

பிறகு புரிந்தது. திரைக்குப் பின்னால் வாத்தியார் பெண்ணை நினைத்துத்தான் இருக்கிறார். நினைத்து, நெவ்ஸாத்துக்கே போட்டிருக்கிறார். அப்படிப் போட்டுக் காப்பாற்றி வைத்ததை இப்போது யாரென்றே தெரியாத ஒருவருக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அவர் இன்னும் உட்காரவில்லை. திரும்பி நின்று, கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொரு முகத்திலும் அவர் கண் கொஞ்சம் நின்று, நீதானா என்று கேட்டது.

துர்கானின் முகத்தை அது நிற்காமல் கடந்து போயிற்று. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன வாரம் இதே மாதிரிப் பனியில், கையெழுத்துக் கேட்டு, வேட்புமனுவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இவள் வாசலில் நின்று தட்டினார். வீட்டில் ஆளே இல்லாத மாதிரி விளக்கை அணைத்துவிட்டு, அவர் போகும்வரை உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் துர்கான்.