அசையாத தலை

முட்டுக்காடு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு முதலுதவிப் பயிற்சிக்காகப் பாய் விரித்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளின் நிழல் அதன்மேல் கோடு கோடாகக் கிடக்கிறது. அடிபட்டவராகப் படுத்திருப்பவர் ஆட்டோக்காரர் கோதண்டராமன். சாலையோரம் இளநீர் விற்கும் தேசம்மா அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையின் இரு பக்கமும் உள்ளங்கைகளைப் பதித்து, அசையாமல் பிடித்திருக்கிறாள். வெளியே ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போகிறது. "குண்டுக்கட்டா தூக்கி ஆட்டோல திணிக்கக் கூடாது. கழுத்துல அடின்னா, தலை தொங்குனாலே உயிருக்கு ஆபத்து. ஆம்புலன்ஸ் வண்டி வர்ற வரைக்கும் இப்படியே பிடிச்சிருக்கணும்," என்கிறாள் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் விஜயகுமாரி. நர்ஸ் வெளியூர், அவளுக்குத் தெரியாது. போன ஆடியில் லாரி மோதி விழுந்த தேசம்மாவின் மகனை அப்படித்தான் கோதண்டராமன் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தார். பையனின் தலை ஆட்டோவுக்கு வெளியே தொங்கியபடி போனதை ஊரே பார்த்தது. சமயத்துக்கு உதவினார் என்று மெச்சவும் செய்தது. பையன் வழியிலேயே போய்விட்டான். இப்போது கோதண்டராமனின் மூடிய கண்ணோரத்திலிருந்து நீர் கசிந்து அவள் விரலிடுக்கில் இறங்குகிறது. "தெர்லம்மா... சீக்கிரம் கொண்டு போய்டணும்னுதான்..." "பேசாதண்ணா. தல ஆடுது." அந்த ஈரத்தைத் துடைக்கக்கூட அவள் விரல் நகரவில்லை. "போதும்மா, கைய எடுங்க. அடுத்தவங்க வரட்டும்," என்கிறாள் நர்ஸ். தேசம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இருக்கட்டும்மா. இன்னும் வண்டி வர்ல."