ஸ்டெப்னியின் பெரிய நம்பர்

காரின் முன் டயரில் ஆணி ஏறியது. பஞ்சர் கடையில் அதைக் கழற்றி, டிக்கியிலிருந்து எடுத்த ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார்கள்.

ஸ்டெப்னி அதை ஏற இறங்கப் பார்த்தது. “உன் மேல பொறிச்சிருக்கிற கடைசி நம்பர் என்னப்பா?”

“0324 அண்ணே.”

“அவ்வளவுதானா! எனக்கு 4815. அதான் என்னை மழை, வெயில் படாம டிக்கியில படுக்கவெச்சிருக்காங்க. உன்னை மாதிரி சின்ன நம்பரெல்லாம் ரோட்டுல உருளணும். அது உங்க தலையெழுத்து.”

“சரிங்கண்ணே” என்றது முன் டயர்.

கடைக்காரர் செல்லப்பாண்டி எச்சில் தொட்டு இரண்டு நம்பரையும் துடைத்துப் பார்த்தார். “சார், இந்த நம்பர்ல முதல் ரெண்டும் டயர் செஞ்ச வாரம், கடைசி ரெண்டும் வருஷம். ஆணி ஏறின டயர் 2024, மூணாவது வாரம் செஞ்சது. இளசு, ஒட்டிடலாம். ஸ்டெப்னி 2015, நாப்பத்தெட்டாவது வாரம். ஒரு நாள்கூட ஓடாமலே கிழடாயிடுச்சு. பக்கமெல்லாம் வெடிப்பு. மாட்டாதீங்க.”

இப்போது ஸ்டெப்னி கடை வாசல் மரத்தில் தொங்குகிறது. அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ‘பஞ்சர்’ என்று எழுதியிருக்கிறது.

வருகிற டயர்களிடமெல்லாம் அது சொல்கிறது: “உங்க எழுத்தைக் குனிஞ்சு தேடணும். என்னோடதை பஸ்ல போறவனே படிக்கிறான்!”